வி8 எஞ்சினும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

குடும்ப வருமானத்தில் வாகனம் எவ்வளவு விழுங்குகிறது என்று தொலைக்காட்சி அரங்கத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது சுங்கைப் பட்டாணிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தம்பி எழுந்தார். "பி.எம்.டபிள்யூ எம்3 கூபே ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். பழசுதான், வி8 எஞ்சின். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்டார். அரங்கமே சிரித்துவிட்டது. "பெட்ரோல் கணக்குப் பார்க்கிறவன் அந்தக் காரை ஏன் தொடணும்?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. கார் விலையைக் கேட்கிறோம், மாதத் தவணையைக் கேட்கிறோம், ஸ்பீக்கர் எத்தனை என்றுகூடக் கேட்கிறோம். வாங்கிய நாளிலிருந்து விற்கிற நாள் வரை தினமும் செலவு வைக்கிற பெட்ரோலை மட்டும் கேட்கக்கூடாதா? அரங்கத்தில் நேரம் போதவில்லை. அங்கே அரைகுறையாய் நின்ற பதிலை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

சொகுசுக் கார் என்றதும் அது ஏதோ கோலாலம்பூர், பங்சார் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கெடா மாநிலத்துக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. கூலிம், பாடாங் மெஹா வட்டாரத்தில் உள்ள இனோகோம் தொழிற்சாலையில் பி.எம்.டபிள்யூ கார்கள் பொருத்தப்படுகின்றன. 2022-ல் போர்ஷே நிறுவனம் ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாகத் தன் காரைப் பொருத்தத் தேர்ந்தெடுத்த இடமும் அதுதான். கயேன் வகைக் கார் அங்கிருந்து வருகிறது. நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய மண்ணுக்குப் பக்கத்தில் போர்ஷே! அதற்கு வடக்கே குருணில் மோடெனாஸ் மோட்டார் சைக்கிள்; தோட்டத்து லயனில் கிரிஸ் ஓட்டாத குடும்பம் எது? லிட்டருக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய அந்த மோட்டாரில் வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று எம்3 விலை கேட்கிறார்கள். அதில் தவறென்ன?

சரி, கணக்குக்கு வருவோம். எம்3 என்று அந்தத் தம்பி சொன்னது 2007-ல் வந்து 2013 வரை விற்ற கூபே. 3,999 சி.சி., எட்டு சிலிண்டர், 420 குதிரைத்திறன். ஐரோப்பியச் சோதனைப்படி அது 100 கிலோமீட்டருக்கு 12.4 லிட்டர் குடிக்கும். நமக்குப் பழகிய கணக்கில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். அதற்கு அடுத்து 2014-ல் வந்த கூபேக்கு எம்4 என்று பெயர் மாற்றினார்கள். எட்டு சிலிண்டர் ஆறானது, 2,979 சி.சி. ஆனது, இரண்டு டர்போ சேர்ந்தது. சக்தி குறையவில்லை, 431 குதிரைத்திறனாகக் கூடியது. ஆனால் குடிப்பது 8.8 லிட்டர், இரட்டை கிளட்ச் கியர் பெட்டி என்றால் 8.3 லிட்டர் என்றது விளம்பரத் தாள். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்! 431 குதிரைகள் கட்டிய வண்டிக்குக் குடும்பக் கார் அளவு தீனிதானா என்று மயங்கத் தோன்றும்.

மயங்குவதற்கு முன், இந்த எண் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். சாலையில் அல்ல. காரை உருளைமேல் நிறுத்தி, அறைக்குள் ஓட்டி எடுத்த எண் இது. அந்தப் பழைய ஐரோப்பியச் சோதனை மொத்தமே 1,180 விநாடி. இருபது நிமிடம்கூட இல்லை. ஓடுகிற தூரம் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கும் குறைவு. 120 கிலோமீட்டர் வேகத்தை ஒரே ஒரு முறை சில விநாடி தொட்டுவிட்டு இறங்கிவிடும். வேகம் பிடிப்பதும் மாட்டு வண்டி நிதானத்தில். அதைவிட முக்கியம், சோதனை நடக்கும்போது ஏர்கான் போடுவதில்லை! அலோர் ஸ்டாரில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஏர்கான் போடாமல் தோல் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

சோதனைக்கும் சாலைக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பல ஆண்டுகளாக அளந்தவர்கள் இருக்கிறார்கள். தூய்மைப் போக்குவரத்துக்கான அனைத்துலக மன்றம் என்ற ஆய்வு அமைப்பு ஐரோப்பியக் கார்களைக் கணக்கெடுத்தது. 2001-ல் உண்மைச் செலவு விளம்பர எண்ணைவிடச் சுமார் 9 விழுக்காடு அதிகம். 2015-ல் அது சுமார் 42 விழுக்காடு. ஓட்டுநர்கள் திடீரென்று கெட்டுப்போய்விட்டார்களா? இல்லை. கார்கள் பரீட்சைக்குப் படிக்கக் கற்றுக்கொண்டன. நம் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பழைய கேள்வித் தாளையே மனப்பாடம் செய்கிற மாதிரி! 2017 செப்டம்பரில் ஐரோப்பா புதிய சோதனையைக் கொண்டுவந்தது. அது அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. எண்கள் உண்மைக்குச் சற்று நெருங்கின. ஏர்கான் மட்டும் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

அரங்கத்தில் சொல்ல விட்டுப்போன ஒன்றை இங்கே சொல்கிறேன். வெப்ப நாட்டுக்காரர்களான நமக்கு அமெரிக்க எண் அதிகம் பொருந்தும். அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 மாடல் ஆண்டிலிருந்து முறையை மாற்றியது. 35 டிகிரி வெயிலில் ஏர்கான் போட்டு ஓட்டுகிற சோதனையும், வேகமாக விரட்டுகிற சோதனையும் அதில் சேர்ந்தன. அந்தக் கணக்குப்படி வி8 எம்3-க்கு ஒரு கேலனுக்கு 16 மைல். நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 14.7 லிட்டர். எம்4-க்கு 19 அல்லது 20 மைல்; அதாவது 12 லிட்டரை ஒட்டி. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய கார் சுமார் 30 விழுக்காடு மிச்சம் பிடிக்கிறது என்றது ஐரோப்பிய எண். 20 விழுக்காட்டுக்குள்தான் என்கிறது அமெரிக்க எண். மிச்சம் உண்மைதான், சொன்ன அளவு இல்லை.

கேலன் என்று சொன்னேன் அல்லவா, அங்கேயும் ஒரு குழி உண்டு. இங்கிலாந்திலிருந்து ரீகொண்டிஷன் செய்து வருகிற காருக்கு இங்கிலாந்துக் கேலன் கணக்குச் சொல்வார்கள். அது 4.546 லிட்டர். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். 30 மைல் என்று இரண்டு பேர் சொன்னால் ஒருவருடையது 100 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர், இன்னொருவருடையது 7.8 லிட்டர். ஜப்பானிலிருந்து வந்த பழைய காரென்றால் அதன் தாளில் உள்ளது '10-15' என்கிற ஜப்பானியச் சோதனையாக இருக்கலாம். அதில் உச்ச வேகமே 70 கிலோமீட்டர். தோக்கியோ நெரிசலுக்கு எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு நம் நெடுஞ்சாலைக்குக் கணக்குப் போட முடியுமா? விற்பவர் ஓர் எண் சொன்னால், எந்த நாட்டு எண் என்று முதலில் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு குடிக்கிறது?

420 குதிரைத்திறன் என்கிறோம். அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை, இரண்டு பக்கமும் நெல் வயல், எதிரே ஜெராய் மலை, சாலை சமதளம். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறீர்கள். காற்றையும் டயர் உருளும் தடையையும் வெல்ல இப்படிப்பட்ட காருக்குத் தேவைப்படுவது, கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 25 குதிரைத்திறன்தான்! மீதி குதிரைகள் எல்லாம் கொட்டகையில் நிற்கின்றன. ஆனால் நிற்கிற குதிரைக்கும் தீனி போட வேண்டும், அங்கேதான் சிக்கல்.

பெட்ரோல் எஞ்சினில் சக்தியைக் குறைப்பதற்கு, உள்ளே போகிற காற்றை ஓர் இதழ் வைத்துத் தடுக்கிறார்கள். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு வாங்குவது போன்றது இது. பெரிய எஞ்சின் சின்ன வேலை செய்யும்போது மூக்கை அதிகம் பொத்த வேண்டியிருக்கிறது. அந்த இழுப்புக்கே பெட்ரோல் வீணாகிறது. எட்டு சிலிண்டரும் உரசுகிற உராய்வு வேறு. பழைய எம்3-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இதழ், ஆக எட்டு இதழ்கள். நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில்தான் முழுச் சக்தியும் வரும். பந்தயத் திடலுக்கு அது சொர்க்கம். ஜாலான் சுல்தான் பட்லிஷா சிக்னலில் நிற்கிறபோது அந்தச் சொர்க்கத்தால் என்ன பயன்?

எம்4 செய்தது இதுதான். எஞ்சினைச் சிறிதாக்கி, மூக்கைப் பொத்துவதற்குப் பதில் வால்வு திறக்கும் அளவையே மாற்றிக் காற்றை அளந்தார்கள். பெரிய சக்தி தேவைப்படும்போது மட்டும் டர்போ காற்றைத் திணிக்கும். ஆகவே நிதானமாக ஓட்டினால் உண்மையிலேயே மிச்சம். மிதித்தால்? டர்போ எஞ்சின் முழு பலத்தில் சூடேறும்போது, உள்ளே குளிர வைப்பதற்காகவே கூடுதல் பெட்ரோல் தெளிக்கப்படும். சரியான எரிப்புக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று; அப்போது அந்த அளவையும் மீறிப் பெட்ரோல் போகும். டர்போ காரின் செலவு எண்ணெய் நிலையத்தைவிட உங்கள் வலது கால் பெருவிரலில்தான் அதிகம் இருக்கிறது.

சிலிண்டரைத் தூங்க வைக்கிற வித்தையும் உண்டு. 1981-ல் அமெரிக்காவின் காடிலாக் எட்டு, ஆறு, நான்கு என்று சிலிண்டரைக் குறைக்கப் பார்த்துத் தடுமாறியது. 2012-ல் ஆவ்டி தன் 4 லிட்டர் வி8-ல் நான்கு சிலிண்டரை அணைத்து வைத்து வெற்றிகரமாக ஓட்டியது. நெடுஞ்சாலைக்கு நல்லது, நெரிசலுக்கு அவ்வளவாக உதவாது.

வேகம் பற்றி ஒரு வரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 110-லிருந்து 130-க்குப் போனால் காற்றுத் தடை 40 விழுக்காடு கூடும். 160-க்குப் போனால் இரண்டு மடங்கையும் தாண்டும். பத்து நிமிடம் முந்திப் போவதற்கு இந்த விலை. கேமரா பிடித்தால் வருகிற சம்மனை நான் கணக்கில் சேர்க்கவில்லை!

பெட்ரோலைவிடப் பெரிய வாய்

இப்போது அந்தத் தம்பிக்கு உண்மையிலேயே தேவையான கணக்கு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வி8 எம்3, 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர்: ஆண்டுக்கு 2,250 லிட்டர். ரோன் 97 விலை வாரா வாரம் மாறுவதால், கணக்குக்காக லிட்டர் 3 வெள்ளி என்று வையுங்கள். 6,750 வெள்ளி. எம்4-க்கு 12 லிட்டர் என்றால் 5,400 வெள்ளி. வித்தியாசம் 1,350 வெள்ளிதான்.

சாலை வரியைப் பாருங்கள்! தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 3,000 சி.சி.யைத் தாண்டினால் 2,130 வெள்ளியும், அதற்கு மேல் ஒவ்வொரு சி.சி.க்கும் 4 வெள்ளி 50 காசும். 3,999 சி.சி.க்கு ஆண்டுக்கு 6,625 வெள்ளி 50 காசு வருகிறது. ஓர் ஆண்டுப் பெட்ரோல் செலவும் சாலை வரியும் ஏறக்குறைய ஒன்று! 2,979 சி.சி. எம்4-க்கோ 2,077 வெள்ளி 50 காசு. இங்கே மிச்சம் 4,548 வெள்ளி. அதாவது எஞ்சினைச் சிறிதாக்கியதில் ஐரோப்பாக்காரனுக்குப் பெட்ரோல் மிச்சம்; நமக்கு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் சாலை வரியில் மிச்சம். காரை வீட்டு முன்னால் போர்த்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தாலும் சாலை வரி குறையாது. பெட்ரோல் ஓட்டினால்தான் செலவு. வரி நின்றாலும் செலவு. "நான் அதிகம் ஓட்டமாட்டேன் அண்ணே" என்று சொல்லி வி8 வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பெட்ரோலும் சாலை வரியும் சேர்த்து வி8-க்கு மாதம் 1,100 வெள்ளிக்கு மேல் ஆகிறது. எம்4-க்கு 620 வெள்ளியைத் தாண்டும். 1,500 சி.சி. சிறிய கார், 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர், மானிய விலைப் பெட்ரோல், 90 வெள்ளி சாலை வரி என்றால் மாதம் 170 வெள்ளி. காப்புறுதி, டயர், சர்வீஸ், வங்கித் தவணை எதுவும் இதில் இல்லை. 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு சம்பளம் வருகிற வீடு, கடனில்லாத வீடு, வருஷம் முழுக்க உழைத்து ஒரு ஆசை என்றால் யார் தடுக்க முடியும்? அம்மாவின் சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டி வாங்குவதென்றால் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

எந்தப் பெட்ரோல்?

"ரோன் 97 போட்டால் பவர் கூடும்" என்று நம் ஆட்கள் சின்னக் காருக்கும் ஊற்றுகிறார்கள். ரோன் என்பது சக்தியின் அளவு அல்ல. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் பொறுமை காக்கிற குணத்தின் அளவு. வி8 எம்3-ல் காற்று பன்னிரண்டில் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. அந்த எஞ்சினுக்குப் பொறுமையான பெட்ரோல் வேண்டும். ரோன் 95 ஊற்றினால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. உள்ளே இருக்கிற உணரி தட்டலைக் கேட்டுத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். சக்தி குறையும், லிட்டருக்கு ஓடுகிற தூரமும் கொஞ்சம் குறையும். ரோன் 95-க்கென்று செய்த சாதாரணக் காருக்கு ரோன் 97 ஊற்றினாலோ, காசுதான் கூடும்.

2025 செப்டம்பர் 30-ல் தொடங்கிய புடி95 திட்டம் இதில் ஒரு புதுத் திருப்பம். மைகார்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு. தொடங்கியபோது மாத வரம்பு 300 லிட்டர், மானியமில்லா விலை 2 வெள்ளி 60 காசு. வருமானம் பார்க்கவில்லை. ஆகவே எம்4 வைத்திருப்பவரும் வரிசையில் நின்று மானியம் வாங்கலாம். அது நியாயமா என்று அரங்கத்தில் சூடாகவே வாதம் நடந்தது. என் கருத்து: மாத வரம்பே ஒருவகை நியாயம் செய்கிறது. 15 லிட்டர் குடிக்கிற கார் 300 லிட்டரில் 2,000 கிலோமீட்டர் ஓடும், 6.5 லிட்டர் கார் 4,600 கிலோமீட்டர் ஓடும். ஒரே மானியம், குறைவாகக் குடிக்கிறவனுக்கு இரண்டு மடங்கு தூரம்.

சரி, நம் காரின் உண்மைச் செலவை எப்படி அறிவது? மீட்டர் திரையில் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். தொட்டியை நிரப்புங்கள், பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். தூர மீட்டரைப் பூச்சியத்தில் வையுங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை, முடிந்தால் அதே நிலையத்தில், மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் விடை. ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தொட்டி பாருங்கள். கோலாலம்பூர் போய் வந்த தொட்டியும், கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடிய தொட்டியும் வேறு வேறு கதை சொல்லும். வடக்கே சமதளத்தில் பிடித்த மிச்சத்தை ஈப்போவுக்கு அருகே மெனோரா ஏற்றம் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்ளும். ஊருக்குள் ஐந்து நிமிட ஓட்டமென்றால், எஞ்சின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள்; குளிர்ந்த பெரிய எஞ்சினுக்குப் பசி அதிகம். பிள்ளையைக் கூப்பிட டியூஷன் வாசலில் ஏர்கான் போட்டபடி ஒரு மணி நேரம் நின்றால், ஓர் அடிகூட நகராமலே வி8 ஒரு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். டயரில் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பார்ப்பது நல்லது. அகலமான டயர் காற்றுக் குறைந்தால் இன்னும் அதிகம் இழுக்கும்.

கடைசியாக, புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டி ஹட்யாய் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. தாய்லாந்து நிலையங்களில் கேசோஹோல் என்று விற்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பத்து விழுக்காடு கலந்திருந்தால் சுமார் 3 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும். திரும்பி வரும்போது கார் அதிகம் குடிக்கிறதே என்று பட்டறைக்கு ஓட வேண்டாம். பம்ப்பில் இ20 என்று எழுதியிருந்தால் மட்டும், காரின் கையேட்டையும் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் பார்த்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள். பழைய கூபே வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.